மென் ஜாஸ் மெய் ஜாஸா?

நம் கல்லூரி விடுதியின் ஆண்டு விழா நாளன்று சிறப்பு விருந்தினர் வந்து சேரக் காலதாமதமாயிற்று. அவையோரை அமைதியாக அமர்த்தி வைக்கும் பொருட்டு ஒலிபெருக்கிக்காரர் ஒரு சாக்சபோன் இசையை ஓடவிட்டார். கென்னி ஜி என்னும் அமெரிக்கர் வாசித்த 'சாங்பேர்ட்' என்ற இசை அது. நான் ஈராண்டுகளாக விடுதி மொட்டை மாடியில் இரவு வேளைகளில் விரும்பிக் கேட்டு வந்த இசையும் அதுவே. பக்கத்தில் இருந்த நண்பனிடம், "இதுதான்டா ஜாஸ்" என்று சற்றுப் பெருமிதத்தோடு சொன்னேன்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் இம்மலரைப் படிப்பார் ஆதலால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

"ஏம்ப்பா, இது ஜாஸ்னு உனக்கு யார் சொன்னது?"

"செல்பேசியிலே அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"வனஸ்பதி டின் மேலே நெய்னு எழுதி ஒட்டிட்டா அது நெய்யாயிடுமா?"

சுற்றியிருந்தோர் சிரித்தனர். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து. நான் கேட்டது போலி என்றால், கேட்டு நான் உருகியதும் போலியா? அல்லது பேராசிரியர் பழமையின் மீது கொண்ட பற்றினால் அப்படிச் சொன்னாரா? இரண்டில் ஒன்றைத் தெளிந்து கொள்ள வேண்டும் என்று புறப்பட்டேன். ஓராண்டுக் காலம் கேட்டும் படித்தும் நான் கண்டவற்றை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஸ்மூத் ஜாஸ்' எனப்படுவதை இங்கே மென் ஜாஸ் என்று வழங்குகிறேன்.

முதலில் ஜாஸ் இசை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்று ஒரு சொல் வழங்குகிறது. முன்னரே எழுதி வைக்காததை மேடையில் அந்நேரத்தில் தோன்றியபடி பாடுவது மனோதர்மம். ஜாஸுக்கும் உயிர்நிலை அதுவே. ஆனால் முறை வேறு. ஒரு பாட்டு எடுத்துக்கொள்ளப்படும். 'பார்' எனப்படும், நான்கு தட்டுகள் கொண்ட பகுதிகள் 32 சேர்ந்தால் பெரும்பாலும் அது ஒரு சுற்று. அச்சுற்றில் எந்த இடத்தில் எந்தச் சுரக்கூட்டு ஒலிக்க வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும். மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிய பின்னர், கலைஞர் மெட்டை விட்டுவிடுவார். அதே சுரக்கூட்டு வரிசையின் மேல் புதியதொரு மெட்டை அப்போதே கட்டிக்கொண்டு செல்வார். பியானோ, பாஸ், டிரம் வாசிப்போர் அவருக்குப் பின்னால் வெறுமனே தாளம் போட்டுக் கொண்டிருப்பதில்லை. அவர் ஒன்று சொன்னால் அவர்கள் ஒன்று சொல்வார்கள். சில வேளை எதிர்த்தும் சொல்வார்கள். நால்வர் அமர்ந்து பேசும் பேச்சைப் போன்றது அது.

இதற்கு நான் கேட்டவற்றுள் மிகத் தெளிவான சான்று கோல்மன் ஹாக்கின்ஸ் என்னும் சாக்சபோன் மேதை 1939 அக்டோபர் 11-ஆம் நாள் நியூயார்க்கில் பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' என்ற இசைத்தட்டு. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசையே அடங்கும். அந்த மூன்று நிமிடத்தில் ஹாக்கின்ஸ் மூல மெட்டைத் தொடக்கத்தில் சிறிது கோடிட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான். எஞ்சிய நேரம் முழுவதும், இரண்டு சுற்றுகளிலும், அவருடைய சொந்தக் கற்பனை. மெட்டே இல்லாத அத்தட்டு மக்களிடையே நன்றாக விற்றது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

'இது உண்மையான ஜாஸ் இல்லை' என்னும் குற்றச்சாட்டு மென் ஜாஸுக்கு மட்டும் உரியதன்று. ஜாஸ் என்ற பெயர் பிறந்த நாள் முதலே அந்த வழக்கு நடந்து வருகிறது. ஜாஸ் என்று பெயரிட்டு வெளிவந்த முதல் இசைத்தட்டு 1917-இல் 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற குழு பதிவு செய்தது. ஜாஸ் கறுப்பின மக்கள் வளர்த்த கலை. அக்குழுவினர் ஐவரோ வெள்ளையர். போதாக்குறைக்கு, அத்தட்டில் கிளாரினெட் சேவலைப் போல் கூவுகிறது, கார்னெட் குதிரையைப் போல் கனைக்கிறது, டிராம்போன் மாட்டைப் போல் கத்துகிறது! அசல் என்று எதைச் சொல்வது? 1920-களில் 'ஜாஸ் மன்னர்' என்று விளம்பரம் செய்யப்பட்டவர் பால் வைட்மன். அவருடைய பெரிய வாத்தியக் குழு பெரும்பாலும் எழுதி வைத்ததைப் பார்த்தே வாசித்தது. 1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோர் 'பீபாப்' என்னும் விரைவான புதுமுறையைக் கொண்டு வந்தபோது, பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியை விரும்பியவர்கள் அது ஜாஸே அன்று என்றனர். புதியவர்கள் பதிலுக்கு அவர்களைப் பூஞ்சை பிடித்த அத்திப்பழங்கள் என்று ஏசினர். இன்று எந்தப் பாடநூலும் பார்க்கரை விட்டுவிட்டு ஜாஸ் வரலாறு எழுதாது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஜெர்மானிய அறிஞர் அடோர்னோ 1930-களில் ஜாஸைப் பற்றி எழுதியபோது, ஜாஸில் மனோதர்மம் என்பதே வெறும் மேற்பூச்சு என்றும், அடியில் இருப்பது சந்தைக்கென அச்சில் வார்த்த சரக்கு என்றும் கருத்துத் தெரிவித்தார். ஜாஸ் இரசிகர்கள் இன்று மென் ஜாஸின் மீது வீசும் அதே கல்லை, அவர் அன்று ஜாஸ் முழுவதன் மீதும் வீசினார். ஆகவே, 'பழையவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்' என்று வழக்கை அத்துடன் தள்ளுபடி செய்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. தொடக்கத்தில் என் முடிவும் அதுவாகவே இருந்தது. மேலும் கேட்கக் கேட்க அது மாறியது.

மென்மை குற்றமா என்று பார்த்தேன். இல்லை. மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்ற தொகுப்பைக் காட்டிலும் மென்மையான இசை அரிது. ஆயினும் அக்குழுவினருக்கு முழுமையாக எழுதிய இசை எதுவும் தரப்படவில்லை. குறிப்புகள் மட்டுமே தரப்பட்டன. எங்கே செல்கிறோம் என்று ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டே அவர்கள் நடந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவதால் பேச்சு பொய்யாகிவிடாது அன்றோ? நிறைய விற்பது குற்றமா என்றால், அதே தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 50 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றதாகச் சான்றளிக்கப்பட்டுள்ளது. வயலின் கூட்டத்தைச் சேர்த்து இனிமையாக்குவது குற்றமா என்றால், 1949-இல் சார்லி பார்க்கரே வயலின்களோடு 'ஜஸ்ட் ஃபிரண்ட்ஸ்' என்ற பாட்டை வாசித்தார். அவ்வினிமைக்கு நடுவில் அவருடைய சாக்சபோன் மின்னலைப் போல் பாய்கிறது. மின்சாரக் கருவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; 1970-இல் மைல்ஸ் டேவிஸ் 'பிட்சஸ் ப்ரூ'வை வெளியிட்டதோடு அவை ஜாஸுக்குள் குடிபுகுந்துவிட்டன. பேராசிரியரின் பக்கத்தில் வாதாட வேறு காரணம் வேண்டும் என்று தெரிந்தது.

அக்காரணம் வெஸ் மான்ட்கோமரியின் கதையில் முதன்முதலாகத் தென்பட்டது. இண்டியானாபோலிஸ் நகரத்தவரான இவர் தாமாகவே கிதார் கற்றவர். மீட்டுகருவி இன்றிக் கட்டைவிரலாலேயே மீட்டியவர். 1965-இல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் விடுதியில் அவர் வின்டன் கெல்லியின் குழுவோடு வாசித்த பதிவைக் கேட்டால், நான்கு பேர் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுவது போல் இருக்கும். ஈராண்டு கழித்து, 1967-இல், கிரீட் டெய்லர் என்ற தயாரிப்பாளர் அவரைக் கொண்டு 'எ டே இன் த லைஃப்' என்ற தொகுப்பை வெளியிட்டார். பீட்டில்ஸ் குழுவினரின் புகழ்பெற்ற பாட்டு, சுற்றிலும் வயலின்கள், நடுவில் அதே கட்டைவிரல். ஆனால் அவ்விரலுக்கு இப்போது வேலை குறைவு. மெட்டை அழகாக வாசித்தால் போதும். தொகுப்பு மிக நன்றாக விற்றது. மறு ஆண்டு ஜூன் மாதம் வெஸ் காலமானார். மென் ஜாஸின் வரைபடம் அதற்குள் வரையப்பட்டுவிட்டது எனலாம்.

அவ்வரைபடத்தின்படி கட்டிய வீடுகள் எல்லாம் வெறும் கூடுகளா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் என் ஆய்வில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த பகுதி வருகிறது.

ஜார்ஜ் பென்சன் என்னும் கிதார்க் கலைஞர் இளமையில் ஜாக் மெக்டஃப் என்ற ஆர்கன் கலைஞரின் குழுவில் பயின்றவர். 1968-இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் தொகுப்பு ஒன்றிலும் ஒரு பாட்டுக்கு வாசித்தவர். 1976-இல் அவர் வெளியிட்ட 'ப்ரீஸின்' என்ற தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதில் அவர் பாடியுள்ள 'திஸ் மாஸ்கரேட்' என்ற பாட்டு அந்த ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதையும் பெற்றது. தொகுப்பில் அப்பாட்டின் நீளம் எட்டு நிமிடம். கிதாரில் தோன்றுவதை அதே கணத்தில் வாயாலும் பாடிக்கொண்டு பென்சன் நுழையும் இடமும், ஹோர்ஹே டால்டோ என்ற அர்ஜென்டினக் கலைஞரின் பியானோ ஓங்கி எழும் இடமும் கேட்டு அனுபவிக்கத் தக்கவை. குழுவினர் ஸ்டூடியோவில் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். வயலின்கள் பிறகு சேர்க்கப்பட்டன. மென் ஜாஸின் தாய்த்தட்டு என்று பலரும் சொல்லும் இதில் நான் மேலே சொன்ன நால்வர் பேச்சு இருக்கிறது, ஐயமே இல்லை.

ஆனால் வானொலியில் ஒலித்த தட்டு எட்டு நிமிடம் அன்று. மூன்று நிமிடத்தை ஒட்டியது. ஐந்து நிமிடம் எங்கே போயிற்று? பாட்டு அப்படியே இருக்கிறது. போனது வாத்தியங்களின் பேச்சு.

குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் கதையும் இத்தகையதே. 1971-இல் ஒரு பதிவுக்கு வரவேண்டிய ஹாங்க் கிராஃபோர்டு என்ற சாக்சபோன் கலைஞர் வர இயலாமல் போக, அவருக்குப் பதிலாக அமர்த்தப்பட்டதால் தன் பெயரில் முதல் தொகுப்பு வெளியிடும் வாய்ப்புப் பெற்றவர் குரோவர். அவருடைய 'வைன்லைட்' என்ற தொகுப்பு 1980-இல் வந்தது. பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' அதில் உள்ளது. அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 1981-இல் இரண்டாம் இடம் வரை ஏறிய பாட்டு. தொகுப்பில் அது ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. எஃகுப் பீப்பாய்களைக் கொண்டு டிரினிடாட் தீவினர் உருவாக்கிய 'ஸ்டீல் பேன்' என்ற வாத்தியம் அதில் ஒரு பகுதியை எடுத்துக் கொள்கிறது. சாக்சபோன் தன் வழியே அலைந்து திரும்ப, மார்க்கஸ் மில்லரின் பாஸ் அதற்கு அடியிலிருந்து குறும்பாகப் பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. தனித் தட்டாக வந்தபோதோ அது நான்கு நிமிடத்துக்குள் சுருக்கப்பட்டது. இங்கும் கத்தரி வெட்டியது பாட்டை அன்று.

தட்டில் இடம் இல்லை, வேறென்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். இப்போது ஹாக்கின்ஸின் தட்டை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் மூன்று நிமிடமே கிடைத்தது. அவர் மெட்டை வெட்டிக் கற்பனையை வைத்துக் கொண்டார். பின்வந்தோர் கற்பனையை வெட்டி மெட்டை வைத்துக் கொண்டனர். கால அளவு ஒன்றே. எதை மிச்சம் வைப்பது என்பதில்தான் வேறுபாடு. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. மென் ஜாஸை மெய் ஜாஸிலிருந்து பிரிப்பது ஓசையின் மென்மை அன்று, அந்தக் கத்தரி.

1976-லும் 1981-லும் கத்தரி வானொலி நிலையத்தின் வாசலில் இருந்தது. வீட்டில் தொகுப்பை வாங்கிக் கேட்டவர்களுக்கு முழு இசையும் கிடைத்தது. கத்தரி எப்போது கலைஞரின் கைக்கே வந்து சேர்ந்தது என்று தேடினால், 1987-ஆம் ஆண்டில் போய் நிற்கிறோம். அவ்வாண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கே.எம்.இ.டி. என்ற ராக் இசை நிலையம் இருந்த அலைவரிசையில் 'த வேவ்' என்ற புதிய நிலையம் தொடங்கியது. முதலில் அதில் அறிவிப்பாளர்கூட இல்லை. மென்மையான வாத்திய இசை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பிற நகரங்களும் இதைப் பின்பற்றின. ஸ்மூத் ஜாஸ் என்ற பெயரை வைத்தவர் எந்த இசைக் கலைஞரும் அல்லர். நிலையத்தார் நேயர்கள் சிலரைக் கூட்டிவைத்து இந்த இசையை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டபோது, நேயர் ஒருவர் வாயில் வந்த சொல் அது என்று நிலையத்தார் வட்டாரத்தில் சொல்லப்படுகிறது.

பிராட்காஸ்ட் ஆர்க்கிடெக்சர் என்ற ஆலோசனை நிறுவனம் இந்நிலையங்களுக்கு இசையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த முறையும் அறியத் தக்கது. நேயர்களை ஓர் அறையில் அமர்த்தி, ஆளுக்கொரு திருகு குமிழைக் கையில் கொடுப்பார்கள். இசைத் துண்டுகள் சிறிது சிறிதாக ஒலிக்கும். பிடித்தால் ஒரு புறமும் பிடிக்காவிட்டால் மறுபுறமும் திருக வேண்டும். பலரும் முகம் சுளிக்காத இசை நிலையத்துக்குப் போகும். இத்தேர்வில் எது தோற்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. கற்பனை என்பது தவறி விழக்கூடிய செயல். எதிர்பாராத சுரம் ஒன்று வரும்போது கேட்பவர் ஒரு கணம் திடுக்கிடுவார். அந்தக் கணத்தில் குமிழ் மறுபுறம் திரும்பிவிடும். நிலையம் ஒலிபரப்பினால்தான் தட்டு விற்கும் என்ற நிலையில், கலைஞர்கள் அந்தக் குமிழை மனத்தில் வைத்தே வாசிக்கத் தொடங்கியதில் வியப்பு என்ன? வெட்டுவதற்கு எதுவும் இல்லாதபடியே இசை பிறக்கலாயிற்று.

அதே 1987-இல் வேறு இரண்டும் நடந்தன. நியூயார்க்கின் லிங்கன் சென்டர் என்ற கலைக்கூடத்தில் டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸின் வழிகாட்டுதலில் 'கிளாசிக்கல் ஜாஸ்' என்ற கச்சேரித் தொடர் தொடங்கியது. அமெரிக்கக் காங்கிரஸ், ஜாஸ் நாட்டின் அரிய செல்வம் என்று அறிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரே ஆண்டில் ஜாஸ் ஒரு கையால் கோயிலுக்குள் எழுந்தருளப் பெற்றது. மறு கையால் அலுவலகப் பின்னணி ஓசையாக்கப்பட்டது. இரண்டுமே ஆபத்துத்தான் என்பது என் கருத்து. கோயிலைப் பற்றி வேறொரு முறை எழுதலாம்.

இனிக் கென்னி ஜி-க்கு வருவோம். கெனத் கொரெலிக் என்ற இயற்பெயருடைய இவர் 1956-இல் சியாட்டிலில் பிறந்தவர். 'சாங்பேர்ட்' இடம்பெற்ற 'டுவோடோன்ஸ்' 1986-இல் வந்தது. 1992-இல் வந்த 'ப்ரெத்லெஸ்' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே 20 இலட்சம் படிகள் சென்றது. இவருக்குத் திறமை இல்லை என்று சொல்பவர்கள் நேர்மையாகப் பேசவில்லை. மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளிவிடும் முறையில், 1997-இல் ஒரே சுரத்தை 45 நிமிடம் 47 விநாடி நிறுத்தாமல் வாசித்து உலக சாதனை படைத்தவர். (முக்கால் மணி நேரம் ஒரே சுரம்! இவருடைய இசையைப் பற்றி இவருடைய எதிரிகள் சொல்லும் குறையை இவரே மேடையேற்றிக் காட்டியது போல் இல்லையா?) அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு 'சாங்பேர்ட்'டை மறுபடியும் பத்துப் பன்னிரண்டு முறை கேட்டேன். மெட்டு இனியது, மறுப்பதற்கில்லை. மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, இடையிடையே விரைவான சுரக்கோவைகள் நகை போல் தொங்குகின்றன. பின்னணித் தாளமோ முன்னால் யார் வாசித்தாலும் தனக்கு ஒன்றுதான் என்பது போல் மாறாமல் ஓடுகிறது. அங்கே ஒருவர் பேசுகிறார். பதில் சொல்ல எவரும் இல்லை.

இவர் மீது எழுந்த பெரும் புயலுக்குக் காரணம் வேறு. 1999-இல் வெளியிட்ட தொகுப்பில், லூயி ஆம்ஸ்ட்ராங் 1967-இல் பாடிய 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பதிவின் மேல் தம் சாக்சபோனை இவர் சேர்த்து வாசித்தார். ஆம்ஸ்ட்ராங் மறைந்தது 1971-இல். கிதார்க் கலைஞர் பாட் மெத்தினி இதைக் கண்டு, மறைந்த மேதையின் கல்லறையை அசுத்தப்படுத்தியதற்கு ஒப்பாகக் கருதி மிகக் கடுமையாக எழுதினார். சினத்தின் அளவு அதிகம் என்றே முதலில் எண்ணினேன். 1991-இல் நடாலி கோல் தம் மறைந்த தந்தை நாட் கிங் கோலின் குரலோடு சேர்ந்து பாடி வெளியிட்டபோது உலகம் கண்ணீர் மல்கக் கேட்டதே! ஆனால் அவர் மகள். மேலும் ஜாஸின் இலக்கணப்படி பார்த்தால், பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கால் இனிப் பதில் சொல்ல முடியாது. கேட்க முடியாதவரோடு உரையாடுவது போல் நடிப்பதுதான் அங்கே நடந்தது.

இத்துடன் வழக்கை முடித்துப் பேராசிரியருக்கு வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் மறுபக்கத்து நியாயம் ஒன்று என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மென் ஜாஸ் என்றவுடன் எல்லோரும் கென்னி ஜி-யையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1976-இல் வாஷிங்டன் நகரில், கறுப்பின மக்களின் புகழ்பெற்ற ஹவார்டு பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்தில், மெல்வின் லிண்ட்சே என்ற மாணவர் இரவு நேரத்தில் மென்மையான காதற் பாட்டுகளைத் தொகுத்து ஒலிபரப்பத் தொடங்கினார். 'கொயட் ஸ்டார்ம்' என்ற அந்நிகழ்ச்சி வகை நாடெங்கும் கறுப்பின நேயர்களிடையே பரவியது. பகலெல்லாம் உழைத்துக் களைத்து வீடு திரும்பிய குடும்பங்கள் விளக்கைத் தணித்துக் கேட்ட இசை அது. குரோவரின் சாக்சபோனுக்கு அவ்வீடுகளில் தனி இடம் உண்டு. மாதா கோயில் பாட்டும் நடனக் கூடத்துப் பாட்டும் கலந்த அவ்விசைக்கும் ஜாஸுக்கும் இடையில் வேலி கட்டியவர்கள் பெரும்பாலும் விமரிசகர்களே ஒழிய, கேட்ட மக்கள் அல்லர். 'இது அசல் இல்லை' என்று ஒருவர் மேடையில் நின்று சொல்லும்போது, யாருடைய வீட்டு இசையை அவர் தள்ளுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? நான் விடுதி விழாவில் பட்ட வெட்கத்தை அவர்கள் எத்தனை முறை பட்டிருப்பார்கள்!

அந்நிலையங்களும் நிலைக்கவில்லை. நேயர்கள் தாம் கேட்டதை ஏட்டில் எழுதித் தரும் முறை மாறி, உடலில் அணிந்துகொள்ளும் சிறு கருவி ஒன்று கேட்ட நேரத்தைத் தானே கணக்கிடும் முறை 2007, 2008 வாக்கில் பெருநகரங்களில் புகுந்தது. மென் ஜாஸ் நிலையங்களின் கணக்கு சரிந்தது. நிலையத்தார் பலர் கருவியையே குறை கூறினர். நியூயார்க் நிலையம் 2008-லும், சிகாகோவின் டபிள்யூ.என்.யூ.ஏ. 2009-லும் வேறு இசைக்கு மாறின. பின்னணியாக இருப்பதற்கென்றே தயாரித்த இசையை, கருவி வந்து அளந்தபோது, யாரும் உண்மையில் கேட்கவில்லை என்று தெரிந்ததா? அல்லது கருவி தவறா? எப்படியாயினும், குமிழுக்கு அஞ்சி வாசித்தவர்களைக் குமிழ் காப்பாற்றவில்லை. குரோவரோ அதற்கு முன்னரே, 1999 டிசம்பரில், நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வாசித்து முடித்த சிறிது நேரத்தில் மயங்கி விழுந்து தம் 56-ஆம் வயதில் காலமானார்.

ஆகவே, மென் ஜாஸ் மெய் ஜாஸா என்று மொத்தமாகக் கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஏனெனில் அப்பெயர் குறிப்பது ஒரு கலையை அன்று, ஒரு வானொலிப் பட்டியலை. தட்டுத் தட்டாகக் கேட்டால் சொல்ல முடியும். 'வைன்லைட்' ஆம், எட்டு நிமிட 'மாஸ்கரேட்' ஆம், மூன்று நிமிட 'மாஸ்கரேட்' பாதி, 'சாங்பேர்ட்' இல்லை.

கட்டுரையை எழுதி முடித்த அன்று மாலை, பேராசிரியரைத் துறை அறையில் கண்டு எட்டு நிமிடப் பாட்டைக் கேட்கச் செய்தேன். விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தவர், பியானோ எழும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடியும் வரை பேசவில்லை.

"இது ஜாஸ்தான்ப்பா. நான் ஒத்துக்கிறேன்" என்றார். "அன்னிக்கு விழாவிலே போட்டானே, அது?"

"அது இல்லை சார். ஆனா எனக்கு இப்பவும் அது பிடிச்சிருக்கு."

அவர் அதற்கு மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. பியானோ வரும் இடத்தை மறுபடியும் போடச் சொன்னார்.